அழுகைக்கு மதிப்பெண்

முன்பெல்லாம் உயில் எழுத ஒரு தாள், ஒரு பேனா, சாகப்போவதை ஒப்புக்கொள்கிற ஒரு ஆள், சாட்சிக் கையெழுத்துக்கு அக்கம்பக்கத்தில் இரண்டு பேர், இவ்வளவு இருந்தால் போதும். காலையில் நினைத்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் வேலை முடிந்துவிடும். அப்படி இருந்தும் ஜனங்கள் எழுதவில்லை. அடுத்த மாதம் பார்க்கலாம், பெண்ணுக்குக் கல்யாணம் முடியட்டும், மாடி கட்டி முடியட்டும் என்று தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, ஒருநாள் ஒன்றும் எழுதாமலே போய்ச்சேர்ந்தார்கள். பின்னால் இருந்தவர்கள் கோர்ட்டு வாசலில் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அரசாங்கத்துக்கு இதைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஜனங்கள் ஏன் தள்ளிப்போடுகிறார்கள் என்று கண்டுபிடித்து, அந்தப் பழக்கத்தையே வேரோடு பிடுங்கி எறிவதற்காக ஒரு வாரியம் அமைத்தது. உயில் தாமத ஒழிப்பு வாரியம் என்று அதற்குப் பெயர். வாரியம் முதல் காரியமாக, தன் முத்திரை இல்லாத உயில் எதுவும் செல்லாது என்று விதி போட்டது. வீட்டில் உட்கார்ந்து சட்டென்று எழுதிவிடுகிறவர்களுக்கு, தாங்கள் ஏன் இத்தனை காலம் தாமதித்தோம் என்பது புரியாமலே போய்விடுகிறதாம்.

விதி வந்த சமயத்தில் மருமகள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவளுக்குப் பொய்ப்பல் செய்வது வேலை. பல் டாக்டர்கள் ஈறின் அச்சை எடுத்து அனுப்பினால், அதில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் பல்லை அடுக்கி, மேலும் கீழும் ஒழுங்காகக் கடிக்கிறதா என்று பார்த்து, செட்டாக்கித் திருப்பி அனுப்புகிற கூடம் ஒன்றில் இருந்தாள். நாளெல்லாம் ஊரார் வாயோடு மல்லுக்கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால் அங்கே, அவளே செய்துகொடுத்த பொய்ப்பல்லோடு, மாமாவின் வாய் காத்திருக்கும். மாமா பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். வேலையில் இருந்த காலமெல்லாம் ஆளை ஏற இறங்கப் பார்த்து "எடுத்தாச்சா?" என்று கேட்டுக்கேட்டு, ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பார்வை மாறவில்லை. காய்கறிக்காரனைக்கூட அப்படித்தான் பார்ப்பார். தெருவில் எல்லோரும் அவரைப் பரிசோதகர் என்றே சொன்னார்கள்.

அவளை மருமகள் என்று சொல்வதே சட்டப்படி தப்பு. பரிசோதகரின் ஒரே மகன் சில வருஷங்களுக்கு முன் வேறொருத்தியோடு வேறு ஊருக்குப் போய், அங்கிருந்தபடியே விவாகரத்தும் வாங்கிவிட்டான். கார் விற்கிற கம்பெனியில் நல்ல வேலை. தீர்ப்பு வந்த அன்று இவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, பரிசோதகர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "போனவன் அவன். நீ எதுக்கும்மா போகணும்?" என்றார். அவள் பெட்டியை உள்ளே வைத்துவிட்டு டீ போட்டாள். அப்புறம் அந்தப் பேச்சையே இருவரும் எடுத்ததில்லை. மாமியார் படுத்த படுக்கையாகி, நினைவு தப்பி, கடைசியில் போய்ச் சேர்ந்தபோதும் பக்கத்தில் இருந்தது இவள்தான். மகன் வந்தான், அன்று சாயங்காலமே திரும்பிவிட்டான்.

பரிசோதகர் கண்ணை மூடினால் வீடு அப்படியே மகனுக்குப் போகும். இது மருமகளுக்கும் தெரியும், பரிசோதகருக்கும் தெரியும், பக்கத்து வீட்டுக்காரிக்கு இரண்டு பேரையும்விட நன்றாகத் தெரியும். எழுதி வாங்கிக்கொள்ளச் சொல்லி அவள் நச்சரித்துக்கொண்டே இருந்தாள். ஆனால் மருமகள் எப்படிக் கேட்பது? சாப்பாடு போடும்போது கேட்டால், இத்தனை நாள் சாப்பாடு போட்டது அதற்காகத்தான் என்று ஆகிவிடும். மருந்து கொடுக்கும்போது கேட்டால் இன்னும் விபரீதம். மருமகள் வாயை இறுக மூடிக்கொண்டு இருந்தாள். பரிசோதகரும் அவர் பங்குக்கு எழுத உட்காருவார். உட்கார்ந்ததும் பேனா சரியில்லை என்பார், மூக்குக்கண்ணாடி பத்தவில்லை என்பார், இன்று வெயில் அதிகம் என்பார். எழுந்துவிடுவார். அவர் மனதில் என்ன ஓடுகிறது என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

ஒருநாள் குளியலறையில் வழுக்கி விழுந்தார். சத்தம் கேட்டு மருமகள் ஓடிப்போய், அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, ஸ்டூலில் உட்காரவைத்துத் துண்டைப் போர்த்தினாள். எலும்புக்கு ஒன்றும் இல்லை, ஆனால் இதயம் மிகவும் தளர்ந்திருக்கிறது, ஆகவேண்டிய காரியங்களைச் சீக்கிரம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் நாசூக்காகச் சொன்னார். திரும்பி வருகிற வழியில் பரிசோதகர் சாதாரணமாக, "நாளைக்குப் போய் வீட்ட உன் பேர்ல எழுதிடலாம்மா" என்றார். மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். சந்தோஷப்பட்டாள். சந்தோஷப்பட்டதற்காக வீடு வருகிறவரை தன்னையே திட்டிக்கொண்டாள்.

வாரியத்துக்கு மூன்று மாடி. வாசலில் ஆள் உயர எழுத்தில் "நாளை என்று சொல்லாதீர்கள்" என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே கயிற்றில் ஒரு சின்ன அட்டை தொங்கியது: "இன்றைய டோக்கன் முடிந்தது. நாளை வரவும்." மறுநாள் வந்தார்கள். அன்று ஊழியர்களுக்குத் தாமதம் பற்றிய பயிற்சி. அடுத்த நாள் ஒருவழியாக உள்ளே விட்டார்கள்.

ஆலோசகி என்று ஒரு அம்மாள். கழுத்தில் அடையாள அட்டை, முகத்தில் நிரந்தரமாக ஒரு பரிதாபம். வீட்டை மருமகளுக்கு எழுதவேண்டும், இன்றைக்கே முடித்துவிட்டால் நல்லது என்றார் பரிசோதகர். ஆலோசகிக்கு அது பிடிக்கவில்லை.

"ஏன் இவ்வளவு நாள் எழுதல?"

"அதான் இப்ப எழுத வந்துட்டேனே."

"வந்தது சரிங்க ஐயா. ஏன் வரலன்னு சொல்லணும். அத வெச்சுத்தான் உங்களுக்கு என்ன சிகிச்சைன்னு முடிவு பண்ணுவோம்."

வாரியம் நெடுங்காலம் ஆராய்ந்து, உயில் எழுதாததற்கு ஐந்தே காரணங்கள்தான் உண்டு என்று தீர்மானித்திருந்தது. பயம், சோம்பல், மூடநம்பிக்கை, பேராசை, அறியாமை. இவற்றில் ஒன்றை ஒப்புக்கொண்டால்தான் மேலே போகலாம். பரிசோதகருக்கு எதுவும் ஒத்துவரவில்லை. பயமா என்றால், குடிகாரன் கத்தியைக் காட்டியபோதும் அபராதம் போடாமல் இறங்காதவர். சோம்பலா என்றால், இந்த வயதிலும் விடியுமுன் எழுந்துவிடுகிறவர். ஆலோசகி ஒவ்வொன்றாக வாசித்து அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் ஒவ்வொன்றுக்கும் உதட்டைப் பிதுக்கினார். இதற்குள் வெளியே வரிசை கட்டிடத்தைச் சுற்றிவிட்டது.

கடைசியில் அவர், மருமகள் பக்கம் திரும்பாமல், மேசையைப் பார்த்துச் சொன்னார். "மருமகளுக்குன்னு எழுதணும்னா பையனுக்கு இல்லன்னு எழுதணும்ல. எழுதிட்டா, அவன் இனிமே திரும்ப மாட்டான்னு நானே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆயிடும். அதான்."

மருமகள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். பேனா சரியில்லை, கண்ணாடி சரியில்லை என்று அவர் எழுந்த நாளெல்லாம் இதுதானா என்று நினைத்தாள். இத்தனை வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்தும் தனக்குத் தெரியவில்லையே என்று வருத்தமாக இருந்தது. ஆலோசகிக்கு வேறு கவலை. இது ஐந்தில் எதில் வரும்? எழுந்துபோய் மேலதிகாரியைக் கேட்டுவிட்டு வந்தாள். அவரும் யோசித்துவிட்டு, மூடநம்பிக்கையில் போடச் சொன்னாராம்.

மூடநம்பிக்கைக்குச் சிகிச்சை மரண ஏற்பு வகுப்பு. இரண்டாவது மாடியில், வரிசையாகப் பெஞ்சு போட்டு, ஆளுக்கொரு வெள்ளைத் துணி கொடுத்தார்கள். படுத்துக் கண்ணை மூடிக்கொள்ளவேண்டும். பயிற்சியாளர் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, "நீங்கள் இப்போது இல்லை. உங்கள் நாற்காலி காலியாக இருக்கிறது. அதில் வேறொருவர் உட்காருகிறார்" என்று குழைந்த குரலில் சொல்லிக்கொண்டு நடந்தார். வாத்தியார் ஒருவர் விசும்பினார். கல்யாண மண்டபச் சமையல்காரர் ஒருவர் தன் நாற்காலியில் யார் உட்காருகிறார் என்று பெயரைக் கேட்டு எழுந்துவிட்டார். பரிசோதகர் குறட்டை விட்டார். காற்றாடி ஓடியது, பெஞ்சும் அகலம், வயதான உடம்பு, தூக்கம் வராமல் என்ன செய்யும்? பயிற்சியாளர் அவரைத் தட்டி எழுப்பி, இறந்தவர் குறட்டை விடமாட்டார், ஆகவே தாங்கள் மரணத்தை முழு மனதாக ஏற்கவில்லை என்று சொல்லி, வகுப்பை முதலிலிருந்து முடிக்கச் சொன்னார். மருமகள் பல் செய்கிற கூடத்தில் அரைநாள் விடுப்பு கேட்டுக்கேட்டு முதலாளியின் முகம் சுளிக்க ஆரம்பித்திருந்தது.

வகுப்பின் கடைசி நாள் வாரியத்தின் தலைவரே வந்து பேசினார். சிவந்த நிறம், சிரித்த முகம், பேச்சில் அப்படி ஒரு சரளம்.

"இந்த வாரியம் மூன்றே பேரோடு, ஒரு வாடகை அறையில் தொடங்கியது. அன்றைக்கு நம் மக்களில் பாதிப் பேர் உயில் எழுதாமல் இருந்தார்கள். இன்றைக்கு நமக்கு மூன்று மாடி, கிளை அலுவலகங்கள், வாகனங்கள். உயில் எழுதாதவர்கள் பாதியிலிருந்து முக்கால் பங்காக உயர்ந்திருக்கிறார்கள். மக்கள் எங்கள் மேல் வைத்திருக்கும் நம்பிக்கைக்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? எல்லோரும் ஒரே நாளில் எழுதிவிட்டால் இங்கே வேலை பார்க்கிற குடும்பங்களின் கதி என்ன என்பதையும் நீங்கள் எண்ணிப் பார்க்கவேண்டும். ஆகவே நிதானமாக அவசரப்படுங்கள்."

கைதட்டினார்கள். கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார். பரிசோதகர் வெள்ளைத் துணியை மடித்து வைத்துவிட்டு எழுந்து, தலைவரை ஏற இறங்க ஒரு பார்வை பார்த்தார்.

"நீங்க எழுதியாச்சா?"

தலைவர் சிரிப்பை விடவில்லை. "நல்ல கேள்வி. நான் எழுதிவிட்டால் எழுதாதவர்களின் வலி எனக்கு எப்படித் தெரியும்? பதவியில் இருக்கிறவரை எழுதுவதில்லை என்று ஒரு தியாகமாகவே வைத்திருக்கிறேன்." இதற்கு இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். பரிசோதகர் மட்டும், டிக்கெட் இல்லாத ஆளைப் பிடித்தும் அபராதம் போட முடியாதவர் போல, முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார்.

வகுப்பு முடிந்தால் உயில்தான் என்று நினைத்திருந்தார்கள். இன்னும் ஒத்திகை இருக்கிறது என்றாள் ஆலோசகி. மறைவு ஒத்திகை என்று அதற்கு முழுப் பெயர். எழுதுகிறவர் இறந்துவிட்டதாகப் படுக்கவேண்டும். குடும்பத்தார் சுற்றி நிற்கவேண்டும். இன்னும் கையெழுத்தாகாத உயிலின் நகலை உரக்கப் படிப்பார்கள். பிற்பாடு கோர்ட்டில் போடுகிற சண்டையை முன்னாலேயே இங்கே போட்டு முடித்துவிட்டால் தாமதம் மிச்சமாம். அதற்காக உரிமை உள்ள வாரிசுகள் எல்லோருக்கும் வாரியமே தகவல் அனுப்பியிருந்தது. மகனுக்கும் அனுப்பியிருந்தது. யாருக்குத் தெரியாமல் காரியம் முடியவேண்டுமோ அவனுக்குப் போக வரச் செலவும் வாரியமே கொடுத்தது.

உயிலால் பயனடைகிறவர் ஒத்திகையில் அழவேண்டும் என்று இன்னொரு விதி. அதைப் பார்த்து மதிப்பெண் போட ஒரு அதிகாரி இருந்தார். அழுகை மதிப்பீட்டாளர் என்று அவர் சட்டையிலேயே எழுதியிருந்தது. அழாவிட்டால் என்ன என்று மருமகள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"சொத்து வரப்போறவங்க அழலன்னா, அவங்கதான் பெரியவர அவசரப்படுத்தியிருக்காங்கன்னு அர்த்தம்" என்றாள் ஆலோசகி.

"சொத்து வராதவங்க அழுதா?"

"அது கலப்படமில்லாத பாசம். அத நாங்க ரொம்ப மதிப்போம்."

மகன் மடிப்புக் கலையாத சட்டையில் வந்தான். மருமகளைப் பார்த்து, தெரிந்த வாடிக்கையாளரைப் பார்ப்பதுபோல் தலையசைத்தான். அப்பாவிடம் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டான். பதிலுக்குள் போன் வந்துவிட்டது, பேசிக்கொண்டே ஜன்னல் பக்கம் நகர்ந்தான். மூன்றாவது மாடி ஹாலில் பெஞ்சு தயாராக இருந்தது. பரிசோதகர் படுத்தார். துணியைக் கழுத்துவரை இழுத்துவிட்டார்கள். குமாஸ்தா ஒருவர் நகலைப் படிக்க ஆரம்பித்தார். வீடு மருமகளுக்கு என்ற இடம் வந்ததும் மதிப்பீட்டாளர் பேனாவைத் திறந்துகொண்டு அவள் முகத்தையே பார்த்தார்.

அவளுக்கு அழுகை வரவில்லை. எப்படி வரும்? பெஞ்சில் படுத்திருக்கிறவர் காலையில்தான் சட்னியில் காரம் என்று சண்டை போட்டிருந்தார். துணிக்குள் அவர் கால் கட்டைவிரலை ஆட்டிக்கொண்டிருப்பதும் தெரிந்தது. அவள் கண்ணைக் கசக்கிப் பார்த்தாள். மதிப்பீட்டாளர் உதட்டைச் சுழித்து எதையோ குறித்தார். அதே நேரம் மகன் பெஞ்சின் தலைமாட்டில் மண்டியிட்டு, ஹாலே அதிரும்படி அலறினான். "அப்பா, என்ன விட்டுட்டுப் போயிட்டீங்களேப்பா!" தினமும் முன்பின் தெரியாதவர்களை நம்பவைத்துக் கார் விற்கிறவன் இல்லையா, கண்ணீர் தாரை தாரையாக வந்தது. ஆலோசகி கைக்குட்டையை எடுத்தாள். மதிப்பீட்டாளர் தலையை ஆட்டி ஆட்டி மதிப்பெண் போட்டார்.

பரிசோதகர் துணியை விலக்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார்.

"விட்டுட்டுப் போனது நானாடா?"

மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தான். பேசியவர் இறந்தவர் என்பதால் பேச்சைக் கணக்கில் எடுக்கமுடியாது என்றும், இறந்தவர் எழுந்துவிட்டதால் ஒத்திகை செல்லாது என்றும் மதிப்பீட்டாளர் அறிவித்தார். மருமகளின் மதிப்பெண் மட்டும் செல்லும். அது மிகவும் குறைவு. இன்னொரு ஒத்திகை வைக்கவேண்டும், அடுத்த முறையும் இதே கதி என்றால் உயில் தள்ளுபடி என்று ஆலோசகி பரிதாபமாகச் சொன்னாள். அடுத்த தேதி பல வாரம் தள்ளிக் கிடைத்தது.

அந்த வாரங்களில் பரிசோதகர் ரொம்பவே தளர்ந்துபோனார். மாடி ஏறி இறங்கியதோ, மகனைப் பார்த்ததோ, எதுவென்று சொல்ல முடியாது. மருமகள் போய் ஆலோசகியிடம் கெஞ்சினாள். பெரியவருக்கு முடியவில்லை, வீட்டுக்கு வந்து கையெழுத்து வாங்கிக்கொள்ள முடியாதா என்று கேட்டாள். சாகிற நிலையில் இருப்பவர்கள் அவசரத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள், அதனால் அவர்களை வாரியம் ஊக்குவிப்பதில்லை என்று பதில் வந்தது.

ஒத்திகைக்கு முதல் நாள் சாப்பிட்டுவிட்டுக் கை துடைக்கும்போது பரிசோதகரே பேச்சை எடுத்தார்.

"நாளைக்குக் கொஞ்சம் அழுதுடும்மா."

"நீங்க உயிரோட படுத்திருக்கும்போது எப்படி மாமா அழறது?"

"செத்துட்டேன்னு நினைச்சுக்க."

"நினைக்க மாட்டேன்" என்றாள். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. "வீடும் வேணாம், ஒண்ணும் வேணாம் மாமா. விட்டுடலாம்."

அவர் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். எடுத்தாச்சா என்று கேட்கிற பார்வை இல்லை அது. "வீடு வேணாம்னா எங்கம்மா இருப்ப?" என்றார். "நான் ஒரு வார்த்தை பேசாமப் படுத்துக்கறேன். அவன் என்ன கத்தினாலும் எழுந்திருக்க மாட்டேன். நீ அழுதுடு. இத்தோட முடிச்சிடலாம்."

மறுநாள் மாடிப்படியில் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டுதான் மேலே வந்தார். லிஃப்ட் ஊழியர்களுக்கு மட்டும். படுத்ததும் துணியை அவரே இழுத்து விட்டுக்கொண்டு, மருமகளைப் பார்த்து ஒரு கண்ணை மூடித் திறந்தார். குமாஸ்தா படிக்க ஆரம்பித்தார். மகன் இந்த முறை அடக்கி வாசித்தான். போன தடவை மருமகள் வாங்கிய மதிப்பெண்ணே அவனுக்குப் போதுமாக இருந்தது. பரிசோதகர் பேசவில்லை. குறட்டை விடவில்லை. கட்டைவிரல்கூட ஆடவில்லை.

"இப்பதான் பெரியவருக்குப் பிடிபட்டிருக்கு" என்று மதிப்பீட்டாளர் ஆலோசகியின் காதில் சொன்னார்.

மருமகள் அவர் வாயைப் பார்த்தாள். கீழ்த்தாடை லேசாக இறங்கியிருந்தது. பொய்ப்பல்லின் மேல் செட்டு ஈறைவிட்டு நழுவி நாக்கின் மேல் கிடந்தது. அந்தச் செட்டு அவள் கையால் செய்தது. தும்மினாலும் நழுவாது என்று அவளுக்குத் தெரியும். தூங்கும்போதும் தாடை தானாக அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். உயிருள்ள வாய் அதை விடாது. அவள் குனிந்து அவர் கன்னத்தைத் தொட்டாள். தொட்டதும், அவளையும் அறியாமல், அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் வந்தது. வார்த்தையே இல்லாத குரல். மாமா மாமா என்று அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். பெஞ்சோரம் உட்கார்ந்து தரையில் கையை அறைந்துகொண்டு அழுதாள்.

மதிப்பீட்டாளர் எழுந்தே நின்றுவிட்டார். தம் பணிக்காலத்தில் இப்படி ஒரு அழுகையைப் பார்த்ததில்லை என்று வாய்விட்டுச் சொல்லி, முழு மதிப்பெண் போட்டார். "போன தடவைக்கு நல்ல முன்னேற்றம்மா" என்று அவளைப் பாராட்டினார். அவள் டாக்டர், டாக்டர் என்று கத்தியதை, பாத்திரத்தில் ஒன்றிவிட்டதாக எடுத்துக்கொண்டு அதற்கும் தலையசைத்தார். ஆலோசகி கண்ணைத் துடைத்தபடி தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு பெஞ்சுப் பக்கம் வந்தாள். "எல்லாம் முடிஞ்சிதுங்க ஐயா. எழுந்து கையெழுத்துப் போட்டுடுங்க" என்றாள். பிறகு இன்னொரு தடவை சொன்னாள். மூன்றாவது தடவை சொல்லும்போதுதான் அவள் குரல் மாறியது.

வகுப்பு முடித்தாயிற்று, ஒத்திகை தேறியாயிற்று, மதிப்பெண் வாங்கியாயிற்று. கையெழுத்து மட்டும் இல்லை. கையெழுத்து இல்லாததால் உயில் இல்லை. வீடு மகனுக்குப் போயிற்று. அவன் கெட்டவன் ஒன்றும் இல்லை. அவளிடம் குரலை உயர்த்தாமல்தான் பேசினான். "அப்பா மனசு கடைசியில எம்மேலதான் இருந்திருக்கு. இல்லன்னா இத்தன வருஷத்துல எழுதியிருக்க மாட்டாரா?" என்றான். மாதக் கடைசிவரை இருந்துகொள்ளலாம் என்று பெருந்தன்மையாக அனுமதித்தான். மருமகள் அதற்கு முன்பே கிளம்பிவிட்டாள். வேலைக்குப் போகிற பெண்கள் தங்குகிற விடுதியில், நான்கு பேர் இருக்கிற அறையில் ஜன்னலோரக் கட்டில் கிடைத்தது.

வாரியம் பரிசோதகரை மறக்கவில்லை. தலைவர் ஒரு இரங்கல் கூட்டமே போட்டார். "எங்கள் பெஞ்சிலேயே, எங்கள் கண் முன்னாலேயே ஒருவர் உயில் எழுதாமல் இறந்தார் என்றால், தாமதம் என்னும் நோய் எவ்வளவு கொடியது என்று பாருங்கள்" என்று பேசி, அதற்காகக் கூடுதல் நிதியும் நான்காவது மாடியும் வாங்கினார். பரிசோதகரின் படத்தைப் பெரிதாகப் போட்டு பஸ் நிறுத்தங்களில் ஒட்டினார்கள். "இவர் தள்ளிப்போட்டார். நீங்கள்?" என்று கீழே எழுதியிருந்தது. மருமகள் வேலைக்குப் போகும்போது பஸ் வருகிறவரை அந்தப் படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள். முதல் நாள் திரும்பிப் பார்த்துவிட்டு ஏறவேண்டிய பஸ்ஸை விட்டுவிட்டாள்.

சில மாதம் கழித்து வாரியத்திலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். ஏதோ வழி பிறந்திருக்கிறது போல என்று விடுதித் தோழிகள் சொன்னதில், நம்பாமல் நம்பிக்கொண்டு போனாள். அதே ஆலோசகி, புது அறை. பரிசோதகரின் கோப்பை முடித்து வைக்கவேண்டும் என்றாள். ஒருவருடைய தாமதத்தால் பாதிக்கப்பட்டவர் தானும் தாமதிக்கக்கூடாது, ஆகவே மருமகளின் உயில் நிலவரத்தைப் பதிந்துகொள்ளவேண்டுமாம்.

"வீடு?"

"இல்லைங்க."

"நிலம், நகை?"

"நகை மாமியார் வைத்தியத்துக்குப் போச்சு."

"வாரிசு?"

"யாரும் இல்லைங்க."

ஆலோசகியின் பேனா நின்றது. எழுதியதை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை படித்தாள். அவள் முகத்தில் இருந்த பரிதாபம் முதல்முறையாக மறைந்தது. எழுந்து வேகமாகப் போனாள். திரும்பி வரும்போது தலைவர் வந்தார், மதிப்பீட்டாளர் வந்தார், கேமராவோடு ஒருவர் வந்தார். எழுதவேண்டியது எதுவும் பாக்கி இல்லாத, தாமதம் துளிக்கூட இல்லாத ஒரு பிரஜையை, வாரியம் தொடங்கிய நாளிலிருந்து தாங்கள் பார்த்ததே இல்லை என்று தலைவர் உணர்ச்சிவசப்பட்டார். எங்கள் உழைப்பு வீண்போகவில்லை என்றார். சட்டம் போட்ட பாராட்டுச் சான்றிதழ் ஒன்றை அவள் கையில் கொடுத்து, பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். எல்லோரும் கைதட்டினார்கள். கண்ணாடி போட்ட கனமான சட்டம். அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"வீட்டுல நாலு பேர் கண்ணுல படற மாதிரி மாட்டி வைங்கம்மா" என்றார் தலைவர்.

"எந்த வீட்டுலங்க?" என்று மருமகள் கேட்டாள்.

தலைவர் கேமராவைப் பார்த்தபடியே கனிவாகச் சொன்னார்.

"அதெல்லாம் உங்க விருப்பம்மா. அதுல வாரியம் தலையிடாது."